முதல் ராத்திரி எத்தனை மீட்டரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கல்யாண மண்டப வாசலிலும் நேபாளத்து முக்திநாத் பெருமாள் கோவில் யாத்திரை நோட்டீஸ் ஒட்டாத இடம் இல்லை. எட்டு நாள், பத்து நாள், சுத்த சைவம், சமையல்காரர் கூடவே வருகிறார், தினமும் வெந்நீர், போகிற வழியில் காசி. மணிவிழாவோ பீமரத சாந்தியோ முடிந்த கையோடு வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எந்த நோட்டீஸிலும் ஒரு விவரம் இருப்பதில்லை: எந்த இரவு, எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்க வைக்கப் போகிறார்கள் என்பது. யாத்திரைக் குழுக்களுக்கு உடன் போய்வருகிற எங்களுக்கு அறையில் ஏசி இருக்கிறதா என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி.

‘பழனிக்கு நடந்தவுகளுக்கு முக்திநாத் எம்மாத்திரம்?’ என்று கேட்கிற ஊர் இது. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நடக்கிறவர்களின் உடல் உறுதியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நடைப் பழக்கத்துக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமே கிடையாது. நன்றாக நடக்கிறவர்கள் ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று விறுவிறுவென ஏறி, ராத்திரியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுண்டு. காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். முக்திநாத்துக்குக் கீழே இருக்கிற ஜோம்சோம் ஊரே சுமார் 2,740 மீட்டர். கோவில் 3,700 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

உடம்பு இதைச் சமாளிக்க முதலில் வேகவேகமாக மூச்சு விடுகிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்த பிறகுதான் மூச்சு சீராகும். அதற்கு இரண்டு மூன்று நாளாகிறது. யாத்திரைத் திட்டம் இந்த நாட்களைக் கொடுக்கிறதா, திருடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. சமவெளியிலிருந்து ஏறும் முதல் இரவில் 2,800 மீட்டரைத் தாண்டிப் படுக்கக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு வேண்டும். பகலில் அதற்கு மேலே போய்த் தரிசனம் செய்துவிட்டு இறங்கிவருவது வேறு. கணக்கு படுக்கிற இடத்துக்குத்தான்.

ஆகவே முக்திநாத்துக்குச் சரியான திட்டம் இப்படி இருக்கும்: பொக்காரா (சுமார் 820 மீட்டர்), அடுத்து ஜோம்சோமிலோ அதற்குச் சற்றுக் கீழே மார்ஃபாவிலோ ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு, மறுநாள் காலை ஜீப்பில் மேலே போய்த் தரிசனம், மாலைக்குள் கீழே. தவறான திட்டமும் நோட்டீஸில் அழகாகத்தான் இருக்கும்: காலையில் பொக்காராவிலிருந்து விமானம், அன்றே முக்திநாத், ராத்திரி கோவிலுக்குக் கீழே ராணிபௌவாவில் தங்கல், விடியற்காலை விஸ்வரூப தரிசனம். ஒரே நாளில் ஏறக்குறைய 2,900 மீட்டர் ஏற்றி, மூச்சு தானாகவே குறையும் தூக்க நேரத்தையும் மேலேயே கழிக்க வைக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனில் இப்படிக் கேட்டால் போதும்: “அண்ணே, முதல் ராத்திரி எங்கே படுக்க வைக்கிறீக? எத்தனை மீட்டர்? ஆத்தாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குனா இறக்கிட்டு வர வண்டியும் டிரைவரும் நிப்பாகளா?” இதற்கு உடனே பதில் சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர். ‘அதெல்லாம் சாமி பாத்துக்கும்’ என்றால் அடுத்த நோட்டீஸைப் பாருங்கள்.

ஜோம்சோம் விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் ஏற ஏறக் காற்று பலமாகிவிடும். அதனால் விமானங்கள் காலை வேளையில் மட்டுமே பறக்கும். மேகம் இறங்கினால் அன்றைக்கு இல்லை. 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் புறப்பட்ட சிறு விமானம் மலையில் மோதி, இருந்த 22 பேரும் இறந்தார்கள். விமானம் ரத்தானால் அது நம் நல்லதுக்கு. சிக்கல் அதற்குப் பிறகுதான். ‘நாளைக்கு காத்மாண்டில் ரூம் போட்டாச்சு, மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் இருக்கு’ என்று இருட்டிலும் மலைப்பாதையில் ஜீப்பை விரட்டுவார்கள். வழியில் பெனி என்ற ஊரைத் தாண்டினால் மண் சரிகிற பாதை அது; ஆனி முதல் புரட்டாசி வரை மழைக்காலம் வேறு. அகலமான நெடுஞ்சாலையே ஆபத்தில்லாதது அல்ல. 2024 ஆகஸ்டில் பொக்காரா–காத்மாண்டு சாலையிலிருந்து ஒரு யாத்திரை பஸ் மர்ஸ்யாங்டி ஆற்றில் உருண்டு 27 பேர் இறந்தார்கள். திட்டத்தில் ஒரு காப்பு நாளாவது இருக்கிறதா, அந்த நாள் செலவு யாருடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பு நாள் இல்லாத எட்டு நாள் யாத்திரையைவிட, இருக்கிற பத்து நாள் யாத்திரைக்குக் கூடக் கொடுப்பது வீண் செலவில்லை.

உயர நோயின் ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருக்கும்: தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம் வராமை. நம் ஆச்சிமார் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். ‘வாய்க்குப் பிடிக்கலை’, ‘பஸ்ஸுல குலுங்குனது’ என்பார்கள். தன்னால் நாற்பது பேருக்குத் தாமதம் ஆகக் கூடாதே என்ற சங்கடம். குழுவில் போகிறவர்களுக்குத் தனியாகப் போகிறவர்களைவிட ஆபத்து கூடுவது இந்த ஒரு இடத்தில்தான். அதனால் ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ‘தலை வலிக்கிறதா? காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள்?’ என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். தலைவலியோடு வேறு ஒன்றும் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் ஏறவே கூடாது. அங்கேயே ஓய்வு. சரியாகவில்லை என்றால் இறக்கம்.

இரண்டு நிலைகளில் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், படுத்தால் மோசமாவது, பிறகு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி. இது நுரையீரலில் நீர் கோப்பது. பெரும்பாலும் மேலே போன இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில் வரும். சளி, ஆஸ்துமா என்று நினைத்து இருமல் மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் கை மீறிப் போகும். இன்னொன்று, மூளை வீக்கம். தரையில் ஒரு கோடு மாதிரி நினைத்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல் நுனியில் ஒட்டவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், பேச்சு குழறினால், எந்த ஊரில் இருக்கிறோம் என்பது பிசகினால், மருத்துவருக்காகவோ விடியலுக்காகவோ காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும். ராணிபௌவாவிலிருந்து ஜோம்சோமுக்கு ஜீப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த 1,000 மீட்டர் இறக்கத்துக்கு ஈடான மருந்து எந்தப் பெட்டியிலும் இல்லை. இறங்கும்போது ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே வர வேண்டும்.

ஆக்ஸிஜன் என்றதும் ஆளுக்கொரு கேன் வாங்கிக்கொள்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: 10 லிட்டர் என்று எழுதிய கேனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் 5 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மனத் தெம்புக்கு ஆகும், உயிருக்கு ஆகாது. குழுவிடம் ரெகுலேட்டரோடு கூடிய உண்மையான சிலிண்டர் இருக்கிறதா, அதைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான். விறைத்த விரலில், மருதாணியோ நெயில் பாலிஷோ இட்ட நகத்தில் அளவு தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முக்திநாத் உயரத்தில் 90 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே காட்டினாலே பதற வேண்டாம். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால் அப்போதுதான் பதற வேண்டும்.

அசிட்டசோலமைடு மாத்திரை, அதாவது டயமாக்ஸ், உண்மையிலேயே உதவுகிறது. முன்பு சொன்ன சிறுநீரக வேலையை அது துரிதப்படுத்துகிறது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையிலும் இரவிலும். நம் கடைகளில் 250 ஆகக் கிடைப்பதால் அரை மாத்திரை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டுவதை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடம் பெரிய வழக்கம். தூக்க மாத்திரையும் அப்படிக் கைமாறுகிறது. மேலே தூக்க மாத்திரை மூச்சை இன்னும் அமுக்கும்.

பெண்கள் வழியில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வறண்ட உடம்பின் தலைவலிக்கும் உயர நோயின் தலைவலிக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை நிறுத்தம் என்பது வசதி பற்றிய கோரிக்கை ஆகாது. குழுத் தலைவரிடம் கூச்சப்படாமல் முதல் நாளே பேசி வைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் ஒரு நம்மூர்த் தவறு இருக்கிறது. ‘தரிசனம் முடிச்சுத்தான் சாப்பிடுவேன்’ என்பார்கள். ஆனால் பழக்கதோஷத்தில் காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டு, வெறும் வயிற்றோடு குளிரில் படி ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், குழப்பம் எல்லாம் உயர நோய் மாதிரியே தெரியும். மடியில் நாலு வெல்லக் கட்டியோ குளுக்கோஸ் பாக்கெட்டோ இருக்கட்டும். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போய்விடும். ஜீப் மேல் கட்டிய பெட்டியில் வைக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தீர்த்தம். 108 திவ்ய தேசங்களில் இந்தியாவுக்கு வெளியே, இந்தப் பூமியில் இருப்பது முக்திநாத் ஒன்றுதான். அவ்வளவு தூரம் போய் அங்குள்ள 108 நீர்த் தாரையிலும் நனையாமல் வருவதா என்ற ஆசை இயல்பு. ஆனால் பனி உருகி வரும் நீர் அது. தலையில் திடீரென விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கும், ரத்த அழுத்தம் எகிறும். அடைப்பு உள்ள இதயத்துக்கு அது பெரிய அடி. இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், 70 தாண்டியவர்கள் ஒவ்வொரு தாரையிலும் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். முழுக நினைக்கிறவர்கள் முதலில் கை, கால், முகம், பிறகு தோள் என்று நனைத்துக்கொண்டு போக வேண்டும். கல் வழுக்கும், காலையில் பனிக்கட்டியும் படிந்திருக்கும், ஓடக் கூடாது. முனையில் ஒருவர் உலர்ந்த துண்டோடும் கம்பளிச் சட்டையோடும் நிற்க வேண்டும். ஈர வேட்டியோடும் ஈரச் சேலையோடும் சந்நிதிக்கு வரிசையில் நிற்பதுதான் உண்மையான கெடுதல். நனைந்த பருத்தி அந்தக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். முதலில் நடுக்கம் வரும். நடுக்கம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

குளிருக்குப் பயந்து அறைக்குள் கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ வைத்து, காற்று புகாமல் கதவு ஜன்னலை அடைப்பது இன்னொரு பேராபத்து. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற ஊரில் கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், நான்கு குழந்தைகள் உட்பட, ஒரே அறையில் கேஸ் ஹீட்டரால் இறந்தார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. இரண்டு கம்பளி, மங்கி குல்லா, காலுறை, வெந்நீர்ப் பை, ஹீட்டர் வேண்டாம்.

சமையல்காரர் கூட வருவதில் ஒரு சங்கதி. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. சோறு மேலே பூத்து உள்ளே அரிசியாக இருக்கும். குக்கர் இல்லாத சமையல்காரரின் சாம்பார்தான் பாதி வயிற்று வலிக்குக் காரணம்.

கைலாயம் என்றால் மேலே சொன்ன எல்லாம் இரட்டிப்பு. மானசரோவர் ஏரியே சுமார் 4,590 மீட்டர். மலையை வலம் வரும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல், ஆக்ஸிஜன் பாதிதான். மத்திய அரசு நடத்தும் யாத்திரையில் 70 வயதைத் தாண்டியவர்களையும் உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டியவர்களையும் எடுப்பதில்லை. டெல்லியில் பரிசோதனை, வழியில் மீண்டும் ஒரு பரிசோதனை. தனியார் குழு ‘வயசு பரவாயில்லை’ என்றால் அது அவர்கள் தாராளம் என்று மகிழாதீர்கள். நேபாளம் வழியாகப் போனால் நேபாள்கஞ்ச் 150 மீட்டர், சிமிகோட் 2,900, ஹில்சா 3,600-க்கு மேல். சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் இந்த ஏற்றம் ஒன்றிரண்டு நாளில் நடந்துவிடும். 2018 ஜூலை மழையில் இந்த வழியில் சுமார் 1,500 இந்தியர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பத்து நாள் யாத்திரைக்குப் பதினாறு நாள் மருந்து எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான், அதுவும் கைப்பையில்.

இளையான்குடிப் பக்கத்திலிருந்து ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு உயரத்துக்குப் பதில் வெயில். 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசே சொன்னது. 83 சதவீதம் பேர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிர்சாதனக் கூடாரமும் பஸ்ஸும் கிடையாது, கொளுத்தும் வெயிலில் நடைதான். ‘விசிட் விசாவில் ஹஜ் முடித்துத் தருகிறோம்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெட்டி கட்டும்போது நான்கு பொருளை எடுத்து வெளியே வையுங்கள். கற்பூரம், தீப்பெட்டி இரண்டும் தீப்பற்றும் சரக்கு, விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. கொப்பரையும் பெட்டியில் போகாது, எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறும். நான்காவது கசகசா. நமக்குக் குருமாச் சாமான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் தைப்பூசத்துக்குப் போகிறவர்கள், உறவுக்காரர்களுக்கென்று அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஆள் தொலைவதற்கு முக்கியக் காரணம், தலையை எண்ணுவது. 42 என்று எண்ணிக்கை சரியாக இருக்கும்; அதில் ஒருவர் வேறு குழுக்காரராக இருப்பார், நம்மவர் பசுபதிநாத் வாசலில் நிற்பார். பெயர் வாசித்துக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல், இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ‘என் சோடி வந்தாச்சு’ என்று ஒருவருக்கொருவர் சொல்ல வைப்பது நல்லது. கணவன் மனைவியைச் சோடி சேர்க்காதீர்கள். தொலைந்தால் இருவரும் சேர்ந்தே தொலைவார்கள். தினமும் காலையில் புறப்படும் முன் ஒரு குழுப்படம் எடுத்து வைத்தால் அன்றைக்கு யார் என்ன நிறச் சேலை என்பது போலீஸுக்குக் காட்ட உதவும். தங்கும் விடுதியின் அட்டை ஒவ்வொருவர் மடியிலும் இருக்கட்டும், அந்த ஊர் எழுத்தில். நேபாளத்தில் போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாப் போலீஸ் 1144.

நேபாளத்துக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு அது போதாது; பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசல், கையில் வேண்டும். அவற்றை வாங்கி மொத்தமாக ஒரே பையில் போட்டுக் குழுத் தலைவர் சுமப்பது வசதிதான்; அந்த ஒரு பை போனால் நாற்பது பேரும் தூதரக வாசலில்.

கடைசியாக இன்சூரன்ஸ். ‘போட்டாச்சு’ என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். பாலிசித் தாளில் உங்கள் பெயர், வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், எத்தனை மீட்டர் வரை பொருந்தும், ஹெலிகாப்டரில் இறக்கினால் பணம் உண்டா, யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்ற ஆறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. நாம் போவதோ அந்த உயரத்துக்கு மேல்தான். மீதிப் பணம் கட்டும் முன் இந்தத் தாளின் நகலையும் இரவு வாரியாக உயரம் எழுதிய பயணத்திட்டத்தையும் வாங்கி, சிங்கப்பூரிலோ டல்லஸிலோ இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ராத்திரி போன் வந்தால் அங்கிருந்து கம்பெனியை எழுப்ப வேண்டியது அவர்தான்.

இப்படிக்கு,
யாத்திரைக் குழுக்களோடு போய்வருகிற சிலர்,
காரைக்குடி – தேவகோட்டை – பள்ளத்தூர்